முன்கூட்டியே சொன்ன நன்றி

1

நேற்று என் அண்ணன் தேவராஜின் முதல் நினைவு நாள். போன வருடம் கார்த்திகை மழையில், வேலை முடிந்து வீட்டுக்குத் திரும்பும்போது, எங்கள் காலனிக்கு எதிரே தண்டவாளத்தைத் தாண்டியவர் ரயிலில் அடிபட்டுப் போய்ச் சேர்ந்தார். நான் லண்டனுக்கு வடக்கே ஒரு சிறிய ஊரில், ஆஸ்பத்திரி ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறேன். நேற்றும் வழக்கம்போல வேலைக்குப் போனேன். யார் யாருடைய ரத்தத்தையோ மெஷினில் வைத்தேன், எடுத்தேன். யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் தலையைச் சாய்த்து ஒரு நிமிடம் வருத்தப்பட்டுவிட்டு டீ போட்டுத் தருவார்கள். அந்த டீ எனக்கு வேண்டாம்.

ஊரில் இருப்பவர்கள் படிக்கத்தான் இதை எழுதுகிறேன். சிங்கப்பெருமாள் கோயிலுக்கும் செங்கல்பட்டுக்கும் நடுவில் ஓர் இடம் என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். ஊர்ப் பெயரையோ எங்கள் தொகுதி எம்.பி.யின் பெயரையோ சொல்லப் போவதில்லை. சொன்னால் அண்ணியின் வேலைக்கு உலை வைத்தது போலாகிவிடும்.

அண்ணி பெயர் எஸ்தர். மாமல்லபுரம் கடற்கரையில் ஒரு பெரிய ரிசார்ட்டில் துணி மடிக்கும் பிரிவில் இருக்கிறார். தலை நரைத்துவிட்ட என்னை இன்னும் பாப்பா என்றுதான் கூப்பிடுவார். அண்ணனை அடக்கம் செய்த மறுநாள் போனில் அழுதுகொண்டே அவர் கேட்டது ஒன்றே ஒன்று.

"அவரு இன்னாத்துக்கு அந்தப் பக்கமா வந்தாருன்னு டெல்லி சபைல ஒருத்தராவது வாயத் தொறந்து சொல்லணும் பாப்பா. சொன்னாத்தான் பாலம் கட்டுவான். இல்லாங்காட்டி அடுத்த மழைக்கு இன்னொருத்தரு போவாரு."

எங்கள் வீட்டிலிருந்து இங்கிலீஷ் எழுதத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். "பார்த்துக்கறேன் அண்ணி" என்று சொல்லிவிட்டேன். ஒரு வருடமாக அதைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

2

எங்கள் காலனி தண்டவாளத்துக்கு ஒரு பக்கம். கடை, பள்ளிக்கூடம், பஸ் ஸ்டாப், ஜி.எஸ்.டி. ரோடு, கம்பெனி வேன்கள் எல்லாம் மறுபக்கம். என் அப்பா காலத்தில் காலனிக்காரர்களுக்கு மறுபக்கத்தில் வேலை கிடையாது, இந்தப் பக்கத்து நிலங்களில் கூலி வேலை மட்டும்தான். நிலங்கள் மனைகளாகிப் போன பிறகு எல்லாருடைய சோறும் தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் போய்விட்டது. அண்ணன் கார் உதிரிபாகக் கம்பெனியில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டினார்.

முன்பு அங்கே ஒரு கேட் இருந்தது. கேட்டை மூடிவிட்டுச் சுரங்கப்பாதை கட்டினார்கள். வெயில் காலத்தில் நன்றாகத்தான் இருந்தது. உள்ளே போனால் குளுகுளுவென்று இருக்கும், ஆட்டுக்குட்டிகள் படுத்திருக்கும். முதல் மழையில் அது குளமாகிவிட்டது. இடுப்பளவு, சில நாள் கழுத்தளவு. அன்றிலிருந்து மழைக்காலம் என்றால் காலனி மொத்தமும் தண்டவாளத்தின் மேலேறித்தான் போக வேண்டும், வர வேண்டும்.

அண்ணன் இதற்காக அலையாத இடமில்லை. கடைசியில் எம்.பி.யைப் பிடித்தார். அந்த மனிதரைக் குறை சொல்ல எனக்கு மனசில்லை. செங்கல்பட்டில் இருந்த அலுவலகத்தில் மனுவை வாங்கி, முழுதாகப் படித்து, "நான் கேக்கத்தான் முடியும்பா, கட்டறது ரயில்வே துறை" என்று நேராகவே சொல்லியிருக்கிறார். சொன்னபடி மக்களவையில் எழுப்ப நோட்டீஸும் கொடுத்தார்.

விதி 377 என்று ஒன்று இருக்கிறது. தொகுதியின் அவசரப் பிரச்சனையை ஒரு பத்தியாக எழுதிக் கொடுத்துவிட்டு, முறை வரும்போது எழுந்து வாசிக்கலாம். பிறகு அமைச்சர் கடிதமாகப் பதில் எழுதுவார். எங்கள் எம்.பி.யின் முறை வந்த அன்று அவையில் ஒரே கூச்சல். எதற்கென்று மறந்துவிட்டேன், டி.வி.யில் பார்த்தவர்களும் மறந்திருப்பார்கள். பலகைகளைத் தூக்கிக்கொண்டு நடுவில் போய் நிற்கிறார்கள், நாற்காலியில் இருப்பவர் கையைக் காட்டுகிறார், ஒன்றும் நடக்கவில்லை. அந்த மாதிரி நாள்களில் யாரும் எழுந்து வாசிக்க வேண்டியதில்லை. எழுதிக் கொடுத்த தாள்கள் எல்லாம் அவையில் வைக்கப்பட்டதாகக் கருதப்படும் என்று அறிவித்துவிடுவார்கள். அவைக் குறிப்பில் அச்சாகியும் விடும். எங்கள் சுரங்கப்பாதை பாராளுமன்றத்தில் இப்படித்தான் பேசப்பட்டது. பேசியவர் யாருமில்லை, கேட்டவரும் யாருமில்லை.

அச்சான அந்தப் பக்கத்தை எம்.பி.யின் பி.ஏ. போட்டோ எடுத்து அனுப்பினார். வாட்ஸ்அப்பில் அது காலனிக்குள் வந்து சேர்ந்தபோது கல்யாண வீடு மாதிரி ஆகிவிட்டது. அண்ணன் அன்றே ஃபிளெக்ஸ் கடைக்குப் போனார்.

3

அண்ணனிடம் ஒரு வித்தை இருந்தது. வேலை நடப்பதற்கு முன்பே நன்றி சொல்லிவிடுவது.

தெருவிளக்குக்கு அப்படித்தான் செய்தார். கவுன்சிலர் "பாக்கலாம்" என்று சொன்ன மறுநாளே, விளக்கு தந்த வள்ளலே என்று தெருமுனையில் பேனர் வைத்தார். கம்பத்தில் விளக்கில்லை, பேனரில் மட்டும் வெளிச்சம். போகிறவன் வருகிறவன் எல்லாம் சிரிக்க, கவுன்சிலருக்கு மானம் போய், பத்தே நாளில் விளக்கு எரிந்தது. பஸ் ஸ்டாப் நிழற்குடைக்கும் அதே கதைதான். எம்.எல்.ஏ.வின் கார் தினமும் அந்த வழியாகத்தான் போக வேண்டும், பேனர் அவர் முகத்திலேயே அடிக்கும்.

"தோ பாரு ஸ்டெல்லா," என்று எனக்குப் போனில் பாடம் நடத்துவார். "மனு குடுத்தா வாங்கி வெச்சிக்குவான். சண்ட போட்டா போலீச கூப்புடுவான். நீ செஞ்சி குடுத்துட்ட தலைவான்னு நாலு பேரு எதிர்ல மாலய போட்டுடு. அப்பால எங்க போவான்? செஞ்சிதான ஆவணும்?"

எனக்கு அப்போது அது பெரிய மூளையாகத்தான் பட்டது. அண்ணன் அரசியலில் பெரிய ஆளாக வந்திருக்கலாம் என்றுகூடச் சொல்லிச் சிரித்திருக்கிறேன்.

சுரங்கப்பாதை வாசலில் வைத்த பேனர் அவர் வைத்ததிலேயே பெரியது. எம்.பி.யின் முகம் ஆளுயரத்துக்கு. 'எங்கள் பாதையின் கண்ணீரைத் துடைத்தவரே, நன்றி! நன்றி! நன்றி!' கீழே தபால்தலை அளவில் காலனி ஆட்களின் முகங்கள். நடுவில் கூலிங் கிளாஸ் போட்டு அண்ணன். எம்.பி. வந்து பார்த்துவிட்டு, "இன்னும் ஆர்டரே வரலையேப்பா" என்று தயங்கியிருக்கிறார். அண்ணன் விடவில்லை. "வந்துடும் அண்ணாத்த, நீங்க கீறீங்க இல்ல" என்று மாலையைப் போட்டுவிட்டார்.

சில நாள் கழித்துத் துறையிலிருந்து ஆட்கள் வந்தார்கள். சுரங்கத்தின் ஓரத்தில் ஒரு மோட்டாரை வைத்தார்கள். போகும்போது மோட்டாரை ஒரு போட்டோ, பேனரை ஒரு போட்டோ எடுத்துக்கொண்டார்கள். பார்த்தாயா, பேனர் டெல்லி வரைக்கும் போகப்போகிறது என்று அண்ணனுக்கு ஒரே பெருமை.

அடுத்த மழையில் மின்சாரம் போனது. எங்கள் பக்கம் மழை என்றால் மின்சாரம் போகும், அது ஒன்றும் புதிதில்லை. மோட்டார் ஓடவில்லை, சுரங்கம் நிறைந்தது. எல்லாரும் மேலே ஏறினார்கள். அண்ணன் ஷிஃப்ட் முடிந்து வந்தபோது ஒரு லைனில் மின்சார ரயில் நின்றுகொண்டிருந்தது. அதன் பின்பக்கமாகச் சுற்றிப் போனவருக்கு அடுத்த லைனில் வந்த எக்ஸ்பிரஸ் தெரியவில்லை. மழைக் கோட்டின் தொப்பி காதை மூடியிருந்தது.

4

என் மகள் ஷீலா இங்கே பிறந்து வளர்ந்தவள். இந்த ஊர் எம்.பி.யின் அலுவலகத்தில் வேலை செய்கிறாள். சனிக்கிழமை காலையில் அந்த எம்.பி. அம்மாள் நூலகத்தின் ஒரு மூலையில் உட்கார்ந்திருப்பார். வீட்டுச் சுவரில் பூஞ்சை பிடித்தவர், விசா வராதவர், பக்கத்து வீட்டு நாய் குரைக்கிறதென்று தூக்கம் கெட்டவர், எல்லாரும் வரிசையில் உட்கார்ந்து தங்கள் முறை வந்ததும் பேசிவிட்டுப் போவார்கள். ஷீலா பக்கத்தில் இருந்து குறித்துக்கொள்வாள். சால்வை இல்லை, மாலை இல்லை. முதல் தடவை பார்த்தபோது எனக்கு வயிறு எரிந்தது. இந்த ஊர் நாய்க்குக் கிடைக்கிற கவனிப்பு எங்கள் காலனிக்குக் கிடைக்கவில்லையே என்றிருந்தது.

அண்ணன் செத்த செய்தி வந்த வாரம் அவளிடம்தான் போனேன். எங்கள் எம்.பி. எழுத்துப்பூர்வமாகக் கேள்வி கேட்கச் சம்மதித்திருந்தார். கேள்வியை நீங்களே எழுதி அனுப்புங்கள், தலைவர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிடுவார் என்றார் பி.ஏ. எழுதுவது என் மகளுக்குக் கைவந்த வேலை. லேப்டாப்பைத் திறந்து வைத்துக்கொண்டு, என் பக்கம் திரும்பி, மிகவும் பொறுப்பாகக் கேட்டாள்.

"அம்மா, ஒண்ணு கேக்கட்டுமா? மாமா ஏன் அங்க கிராஸ் பண்ணினாங்க? அது ட்ரெஸ்பாஸ் இல்லையா? இங்கன்னா ஃபைன் போடுவாங்க."

ஓங்கி ஓர் அறை விட வேண்டும் போலிருந்தது. கையைப் பிசைந்துகொண்டு உட்கார்ந்திருந்தேன். அவள் கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. அவளுக்குத் தண்டவாளம் என்றால் இரண்டு பக்கமும் வேலி, மேலே பாலம், பாலத்துக்கு லிஃப்ட். வீட்டுக்குப் போக வழியே இல்லாமல் ஒருவர் நிற்பார் என்பது அவள் தலைக்குள் ஏறவில்லை. நான் விளக்கினேன். தமிழில் பாதி, இங்கிலீஷில் பாதி. அவள் தலையாட்டினாள். ஆனாலும் மாமா செய்தது தப்புதான் என்ற முடிவு அவள் முகத்தில் அப்படியே உட்கார்ந்திருந்தது. பின்னால் ரயில்வே துறையும் அதையே சொன்னபோது, என் வீட்டுக்குள்ளேயே ஓர் அதிகாரி இருக்கிறாளே என்று நினைத்துக்கொண்டேன்.

ஆனால் கேள்வியை நன்றாக எழுதிக் கொடுத்தாள். மக்களவைக் கேள்விக்கு ஓர் அச்சு இருக்கிறது. அமைச்சர் கீழ்க்கண்டவற்றைத் தெரிவிக்க மனமுவப்பாரா என்றுதான் தொடங்க வேண்டும். செத்துப் போனவனைப் பற்றிக் கேட்கும்போதும் அமைச்சர் மனம் உவக்கத்தான் வேண்டும். (அ) அந்தச் சுரங்கப்பாதையில் மழைநீரை வெளியேற்ற வசதி உண்டா, (ஆ) அங்கே மக்கள் தண்டவாளத்தைக் கடக்க நேர்ந்து உயிரிழப்பது அரசுக்குத் தெரியுமா, (இ) தெரியும் எனில் நடைமேம்பாலம் கட்டும் உத்தேசம் உண்டா.

உறுப்பினர்கள் அனுப்பும் கேள்விகளை எல்லாம் குலுக்கல் போட்டுத்தான் எடுப்பார்களாம். எங்கள் ஊர்ச் சீட்டு மாதிரி. அண்ணன் இருந்திருந்தால் குலுக்கலுக்கும் முன்கூட்டியே நன்றி சொல்லியிருப்பார். முதல் தடவை எங்கள் கேள்வி விழவில்லை. அடுத்த கூட்டத்தொடரில் விழுந்தது, வாய்மொழிப் பதிலுக்கு அல்ல, எழுத்துப் பதிலுக்கு. யாரும் எழுந்து கேட்க மாட்டார்கள், அமைச்சரும் எழுந்து சொல்ல மாட்டார். தாள் கேட்கும், தாள் பதில் சொல்லும்.

பதில் வந்தது. (அ) உண்டு. மின்மோட்டார் பொருத்தப்பட்டுள்ளது. (ஆ) அனுமதியின்றித் தண்டவாளத்தைக் கடப்பது சட்டப்படி தண்டனைக்குரிய குற்றம். பொதுமக்களிடையே விழிப்புணர்வு ஏற்படுத்தப்படுகிறது. (இ) மேற்கண்ட பதிலைக் கருத்தில் கொண்டு, கேள்வி எழவில்லை.

இதில் ஒரு வரியும் பொய் இல்லை. அதுதான் எனக்கு ஆறவில்லை. மோட்டார் இருக்கிறதா என்றால் இருக்கிறது. மழையில் ஓடுமா என்று நாங்கள் கேட்கவில்லை. அவர்கள் ஏன் சொல்லப் போகிறார்கள்?

5

நான் இடிந்துபோய் இருப்பதைப் பார்த்து ஷீலா ஒரு நாள் என்னைப் பாராளுமன்றத்துக்கு அழைத்துக்கொண்டு போனாள். இந்த நாட்டுப் பாராளுமன்றத்துக்கு. அன்று மாலை அவளுடைய எம்.பி. பேசுவதாக இருந்தது. பொருள் என்ன தெரியுமா? இங்கே நாங்கள் இருக்கும் ஊர் ரயில் நிலையத்துக்கு இரண்டாவது லிஃப்ட்.

கண்ணாடிக்குப் பின்னால் பார்வையாளர் வரிசையில் உட்கார்ந்தோம். கீழே ஓட்டெடுப்பு முடிந்து, பச்சை நிற பெஞ்சுகளிலிருந்து உறுப்பினர்கள் பள்ளிக்கூடம் விட்ட மாதிரி வெளியே போய்க்கொண்டிருந்தார்கள். அவை கலைவதற்கு முன்னால் கடைசி அரை மணி நேரம் யாராவது ஓர் உறுப்பினருக்கு ஒதுக்கப்படும், அமைச்சர் ஒருவர் இருந்து பதில் சொல்லியாக வேண்டும். அந்த அம்மாள் எழுந்து பேசினார். சக்கர நாற்காலியில் வரும் ஒரு பெண்மணி லிஃப்ட் பழுதானால் எப்படித் தவிக்கிறார் என்று பெயர் சொல்லிப் பேசினார். அவையில் நாலைந்து பேர்தான். ஆனாலும் அந்தப் பெயர் அங்கே ஒலித்தது. அமைச்சர் எழுந்து மாண்புமிகு உறுப்பினரின் அக்கறையைப் பாராட்டி, பரிசீலனையில் இருக்கிறது என்று உட்கார்ந்துவிட்டார்.

"பாத்தியாம்மா? ரெக்கார்டுல வந்துடுச்சு," என்றாள் ஷீலா. முகமெல்லாம் வெளிச்சம்.

லிஃப்ட் வரவில்லையே என்று சொல்ல வாய் வரை வந்தது. அவளுக்கு ஒரு சபை கிடைத்திருக்கிறது, அதை நம்புகிறாள். எனக்கு அவள் மேல் பொறாமையாக இருந்தது. என் மகள் மேலேயே. நான் இந்த நாட்டில் ஓட்டுப் போடுகிறேன். காமன்வெல்த் நாட்டுக்காரர்களுக்கு அந்த உரிமை உண்டு. ஊரிலும் வெளிநாடு வாழ் வாக்காளராகப் பெயர் பதிந்திருக்கிறேன், ஆனால் நேரில் போய்த்தான் போட வேண்டும், போனதே இல்லை. எனக்கு வேண்டிய லிஃப்டுக்கு இங்கே ஆள் பேசுகிறார். அண்ணனுக்கு அங்கே ஒரு தாள்கூட வாய் திறக்கவில்லை. வீடு திரும்பும் ரயிலில் ஷீலா தூங்கிவிட்டாள். நான் ஜன்னல் பக்கம் திரும்பி அழுதுகொண்டே வந்தேன்.

6

இந்த மழைக்காலத்துக்குச் சற்று முன்பு, அண்ணி வேலை செய்யும் ரிசார்ட்டுக்குப் பாராளுமன்றக் குழு ஒன்று வந்தது. இப்படிப்பட்ட குழுக்கள் துறைகள் எப்படி வேலை செய்கின்றன என்று நேரில் அறிய ஊர் ஊராகப் போகும். நல்ல கடற்கரையும் கோயிலும் இருக்கிற ஊர்களுக்கு அடிக்கடி போகும். ரயில் நிலையங்களில் பயணிகள் வசதி, கடவுப்பாதைகளில் பாதுகாப்பு, இதுதான் இந்தத் தடவை பொருள்.

அண்ணிக்கு இது தெரிந்ததும் எனக்குப் போன். "பாப்பா, நாம அங்க போவ வோணாம், அவங்களே வந்துகினு கீறாங்க."

கூட்டம் நடக்கும் ஹாலில் மேஜை விரிப்பு போடுவதற்குத் துணிப் பிரிவிலிருந்து ஆள் கேட்டபோது அண்ணி முந்திக்கொண்டார். விருந்தாளிகளிடம் பேசக் கூடாது என்பது அங்கே சட்டம். பேசிவிடுவது என்ற முடிவோடுதான் போனார். ஒரு வார்த்தை சொன்னால் போதும், யாராவது தமிழ் தெரிந்தவர் இருக்க மாட்டாரா என்ற நினைப்பு.

உறுப்பினர்கள் ஒவ்வொருவராக வந்து உட்கார்ந்தார்கள். எல்லாரும் வெவ்வேறு மாநிலத்துக்காரர்கள், எங்கள் எம்.பி. அந்தக் குழுவில் இல்லை. அண்ணி கடைசி மேஜையில் விரிப்பை இழுத்து விட்டுக்கொண்டே நேரத்தைக் கடத்தினார். துறை அதிகாரி ஒருவர் திரையில் படம் காட்டத் தொடங்கினார். சுரங்கப்பாதைகள், மோட்டார்கள், புதிதாக வெள்ளை அடித்த சுவர்கள். அடுத்த படம் வந்தபோது அண்ணி விரிப்பை அப்படியே விட்டுவிட்டார்.

நன்றி! நன்றி! நன்றி! சுவர் அளவுக்கு. நடுவில் கூலிங் கிளாஸோடு அண்ணன்.

பொதுமக்கள் எவ்வளவு திருப்தியாக இருக்கிறார்கள் என்பதற்குச் சான்றாக அந்தப் படத்தை வைத்திருந்தார்கள்.

"எனக்கு ஒண்ணுமே புரியல பாப்பா," என்று அன்று மாலை அண்ணி சொன்னார். "இன்னாடா இவரு இங்க வந்து நின்னுகினு கீறாருன்னு பாக்கறேன். அப்பால வாய் தானா தொறந்துகிச்சி. சார், அது எங்க வூட்டுக்காரரு சார்னு கத்திட்டேன்."

எல்லாரும் திரும்பிப் பார்த்திருக்கிறார்கள். ஒரு பெரியவர், வெள்ளைத் தலைப்பாகைக்காரர், என்ன சொல்கிறார் என்று கேட்டிருக்கிறார். அதிகாரி சிரித்துக்கொண்டே, படத்தில் இருப்பவர் இந்த அம்மாவின் கணவராம் என்று இந்தியில் சொல்லியிருக்கிறார். அவ்வளவுதான் அவர் சொன்னது. அதிலும் பொய் இல்லை.

உறுப்பினர்கள் கைதட்டினார்கள். பெரியவர் எழுந்து வந்து அண்ணியின் முன்னால் கைகூப்பினார். இன்னொருவர் அண்ணியைத் திரைக்குப் பக்கத்தில் நிற்கவைத்து, தானும் நின்று, செல்போனில் ஒரு படம் எடுத்துக்கொண்டார். அண்ணி, "செத்துட்டாரு சார், அங்கியே அடிபட்டு செத்துட்டாரு" என்று சொல்லிக்கொண்டேதான் நின்றார். கைதட்டலில் யாருக்கும் கேட்கவில்லை, கேட்டவர்களுக்குப் புரியவில்லை. மேனேஜர் வந்து தோளைத் தொட்டு வெளியே கூட்டிப்போய்விட்டார். நல்ல வேளையாக வேலை போகவில்லை. விருந்தாளிகள் சந்தோஷப்பட்டார்களே.

நானும் அந்தப் படத்தைப் பார்த்தேன். யாரோ ஓர் உறுப்பினரின் ஃபேஸ்புக் பக்கத்தில் இருந்ததை ஷீலா தேடி எடுத்துக் காட்டினாள். சிரித்த முகத்தோடு மாண்புமிகு உறுப்பினர், பின்னால் திரையில் அண்ணன், நடுவில் வாய் திறந்தபடி அண்ணி. பார்ப்பவர்களுக்கு அவரும் ஏதோ சந்தோஷத்தில் பேசுவது போலத்தான் இருக்கும். ஷீலா விரலால் அண்ணியின் முகத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள். பிறகு, "மாமாவைப் பத்தி நான் அப்படிக் கேட்டிருக்கக் கூடாதும்மா" என்றாள். அவளைக் கட்டிக்கொண்டேன். அண்ணன் போன பிறகு எனக்குக் கிடைத்த ஆறுதல் அது ஒன்றுதான்.

அண்ணன் மேல் எனக்குக் கோபம் உண்டு, சொல்லிவிடுகிறேன். கவுன்சிலரிடமும் எம்.எல்.ஏ.விடமும் பலித்த வித்தை இங்கே ஏன் பலிக்கவில்லை என்று யோசித்து யோசித்துப் பார்த்தேன். அவர்கள் அந்தத் தெருவில் நடப்பவர்கள், வெட்கப்பட்டார்கள். எம்.பி.யும் வெட்கப்பட்டார், ஆனால் அவரால் கேட்கத்தான் முடியும். செய்ய வேண்டியவர்கள் எங்கள் தெருவுக்கு வருவதே இல்லை. அவர்களுக்குப் பேனர் போட்டோவாகத்தான் போய்ச் சேரும். போட்டோவில் மழை பெய்யாது.

7

நேற்று மதியச் சாப்பாட்டு நேரத்தில் அண்ணிக்குப் போன் போட்டேன். அங்கே இருட்டியிருந்தது. நினைவு நாளுக்கு வீட்டில் சாயங்கால ஜெபம் வைத்திருந்தார்கள். லீவு கிடைக்காததால் அண்ணி வேலைக்குப் போய்விட்டு வேனில் வந்து இறங்கியிருந்தார். போனில் ஒரே மழைச் சத்தம்.

"எங்க இருக்கீங்க அண்ணி?"

"தோ, லைன் ஓரமாத்தான் நின்னுகினு கீறேன். சுரங்கம் ரொம்பிடுச்சி, கரண்டும் இல்ல. ஒரு வண்டி வருது, அது போவட்டும்னு."

"தனியாவா?"

"தனியா இன்னாத்துக்கு? ஜெபத்துக்கு வந்தவங்க மொத்தமும் எங்கூடதான் கீறாங்க. பாஸ்டரு பேண்ட மடிச்சிவிட்டுகினு கீறாரு. ஷிஃப்டு ஆளுங்க வந்துகீறாங்க, அவரு கூட வேல செஞ்சவங்க. எல்லாம் தாண்டித்தான வூட்டுக்கு வரணும்."

"பிரியா?" பிரியா அவர்களுடைய மகள். செங்கல்பட்டில் காலேஜ் படிக்கிறாள்.

"அவ அப்பவே தாண்டிட்டா. வூட்ல போயி அப்பா போட்டோவுக்கு மால போடணும்னு ஓடிட்டா."

அதற்குள் ரயில் வந்துவிட்டது. போனை அவர் காதிலிருந்து எடுக்கவில்லை போலிருக்கிறது, அத்தனை பெட்டியும் என் காதுக்குள்ளேயே ஓடின. நான் பரிசோதனைக் கூடத்து நடைபாதைச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். சத்தம் போய்த் தேய்ந்தது. யாரோ, "இன்னோர் லைன பாத்து வாங்க, நின்னு வாங்க" என்று கத்தினார்கள். ஜல்லிக் கல்லில் நிறைய செருப்புகளின் சத்தம் கேட்டது. அண்ணி பேசவில்லை. நானும் கூப்பிடவில்லை. பேச்சுக் கொடுத்தால் கவனம் தப்பிவிடுமோ என்று பயம்.

"ம், வந்துட்டேன் பாப்பா," என்றார் கடைசியில், மூச்சு வாங்க. "எல்லாரும் வந்துட்டாங்க. நீ சொல்லு, இந்த வாட்டி கேள்விய எப்டி எழுதப் போற?"